3,000 ரூபாய்க்கு 5,000 லிங்க்: வாங்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வேறு சைட்டுகளில் நம்ம வெப்சைட்டின் லிங்க் இருந்தால் கூகுளில் மேலே வருவோமா? அதனால் மொபைல், பிரிண்டர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் வீட்டுப் பெண்கள் நெய்யும் கோரைப் பாய்களை வெப்சைட் வைத்து விற்கிறோம். "பத்தமடை பாய்" என்று தேடினால் எங்கள் சைட் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. 3,000 ரூபாய் கொடுத்தால் 5,000 பேக்லிங்க் (வேறு சைட்டுகளிலிருந்து எங்கள் சைட்டுக்கு வரும் லிங்க்) போட்டு ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் போன் செய்கிறார். மாதிரிக்கு அவர் அனுப்பிய லிங்க்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
— வாசகி, பத்தமடை

கொடுக்காதீர்கள் தங்கச்சி. அந்தத் துட்டுக்குக் கோரை வாங்கிப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பியதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்று, ஏதோ வெளிநாட்டில் கூரை ரிப்பேர் பற்றி யாரோ எழுதிய பக்கம். அதன் அடியில் கமென்ட்டுகள் மைல் கணக்கில் போகின்றன, சூதாட்ட சைட், முடி வளரும் எண்ணெய், கடன் கொடுக்கும் ஆப், இவற்றுக்கு நடுவில் ஒரு துணிக்கடையின் லிங்க். இன்னொன்று ஆள் நடமாட்டமே இல்லாத சைட்டில் திறந்த ஒரு புரொஃபைல், ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சாரீஸ் பெஸ்ட் பிரைஸ்" என்று இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மனுஷர் பாய் வாங்க வருவாரா?

லிங்க்குக்கு எப்படி இவ்வளவு மதிப்பு வந்தது என்று தெரிந்தால் இது ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் தெரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது கையில் வைத்திருந்த முக்கியமான சரக்கு பேஜ்ரேங்க் என்ற கணக்கு. ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அந்தப் பக்கத்தை வேறு யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களை யார் சுட்டுகிறார்கள் என்பதையும் அது பார்த்தது. நம்ம ஊரில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்போமே, அதே கதைதான். ஊருக்குள் நாலு பேர் மதிக்கிற ஒரு பெரியவர் சொன்னால் எடுபடும், அவரே பார்க்கிறவனையெல்லாம் தங்கமான பையன் என்று சொல்கிற ஆள் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும். கணக்கும் அப்படித்தான் போட்டார்கள், ஒரு பக்கம் எத்தனை பேரைச் சுட்டுகிறதோ அத்தனை பங்காக அதன் மதிப்பு பிரிந்துவிடும். கூரை ரிப்பேர் பக்கத்திலிருந்து உங்களுக்கு என்ன மிஞ்சும் சொல்லுங்கள்.

சரி, காசு கொடுத்து லிங்க் வாங்கியவர்கள் ஜெயிக்கவே இல்லையா என்றால், ஒரு காலத்தில் ஜெயித்தார்கள். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை இப்படித்தான் பல தேடல்களில் முதலிடத்தில் இருந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைக் கிளறியதும், ஒரு பெட்டி வகையைத் தேடினால் முதலாவதாக வந்த அவர்களுடைய பக்கம் இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது, லிங்க் வாங்கிப் பிழைத்த எத்தனையோ சைட்டுகள் அதில் விழுந்தன. 2016-லிருந்து இது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஏற்பாடாகிவிட்டது, பெரும்பாலும் அந்த மாதிரி லிங்க்கைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதாவது உங்கள் 3,000 ரூபாய் அப்படியே தண்ணீரில் போகும். கெட்ட நேரமாக இருந்தால், கூகுள் ஆளே பார்த்து நடவடிக்கை எடுத்து, தேடினாலும் கிடைக்காத இடத்துக்குத் தள்ளிவிடுவார்.

உங்கள் சைட்டையும் பார்த்தேன். பாயின் படம், விலை, போன் நம்பர், அவ்வளவுதான் இருக்கிறது. கோரையைத் தண்ணீரில் ஊறப்போடுவது, அதைக் கீறுவது, நூல் பாவில் நெய்வது, சாதாரணப் பாய்க்கும் துணி மாதிரி மடிக்க வருகிற பட்டுப்பாய்க்கும் என்ன வித்தியாசம், ஏன் விலை அப்படி ஏறுகிறது, கல்யாணப் பாயில் பெயர் நெய்து கேட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிற விஷயம். எழுதிப் போடுங்கள், தறியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பத்தமடை பாயைப் பற்றி எழுத வருகிற யாருக்கும் சுட்டிக்காட்ட ஒரு பக்கம் வேண்டும், அது உங்களுடையதாக இருக்கட்டும்.

எங்களுடையது கடைசல் பட்டறை, மரச் சொப்பு செய்கிறோம். நல்ல லிங்க் வேண்டும் என்கிறீர்கள், எங்களை மாதிரி ஆளுக்கு யார் தருவார்கள்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள்தான் தருவார்கள் அண்ணாச்சி. உங்கள் சொப்பை வாங்கி விற்கிற சென்னைக் கடை, பெங்களூர் கடை எல்லாவற்றுக்கும் வெப்சைட் இருக்கும், "இதைச் செய்கிறவர்கள் இவர்கள்" என்று ஒரு வரியும் லிங்க்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. பட்டறைக்கு வந்து பேட்டி எடுத்துப் போன பத்திரிகைக்காரர், புராஜெக்ட் செய்ய வந்த டிசைன் கல்லூரிப் பிள்ளைகள், இவர்களில் உங்களைப் பற்றி எழுதிவிட்டு லிங்க் மட்டும் விட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பட்டறையின் பெயரைக் கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அகப்படுவார்கள், ஒரு மெயில் அனுப்பினால் பாதிப் பேராவது சேர்த்துவிடுவார்கள்.

அப்புறம், லிங்க் எந்த வார்த்தையின் மேல் இருக்கிறது என்பதும் முக்கியம். "இங்கே கிளிக் செய்யவும்" என்பதன் மேல் இருந்தால் கூகுளுக்கு ஒன்றும் புரியாது. "அம்பாசமுத்திரம் மரச் சொப்பு" என்பதன் மேல் இருந்தால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைக் கொடுத்துப் போடச் சொல்லாதீர்கள், அது செயற்கையாகத் தெரியும், அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதட்டும். உங்கள் சைட்டுக்குள்ளேயும் இதைக் கவனியுங்கள்: முகப்பிலிருந்தோ வேறு பக்கத்திலிருந்தோ ஒரு லிங்க்கும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கிற பக்கத்தைக் கூகுள் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதைச் சரிசெய்ய யாரிடமும் போய் நிற்க வேண்டாம், உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் லிங்க் போட்டால் ரேங்க் ஏறுமா?
— வாசகர், வீரவநல்லூர்

நேரடியாக ஏறாது. ஃபேஸ்புக் மாதிரி இடங்களில் வெளி லிங்க்குகளுக்கு நோஃபாலோ என்ற குறி இருக்கும், "இதற்கு நான் பொறுப்பில்லை" என்று அர்த்தம். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கூகுளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பத்து பேர் பார்த்து அதில் ஒருவர் தன் சைட்டில் எழுதினால் அது கணக்கில் வரும். போடுங்கள்.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறோம். சீசனுக்கு முன்னால் மேலே வர வேண்டும். ஒரு செய்தி சைட்டில் காசு கொடுத்துக் கட்டுரை போடச் சொல்கிறார்கள், அவர்களுக்கு டொமைன் அத்தாரிட்டி 70-ஆம். இன்னும் பத்து லாட்ஜ்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் லிங்க் போட்டுக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை.
— வாசகர், தென்காசி

முதலில் அந்த 70. அது மாஸ் என்ற தனியார் நிறுவனம், ஒரு சைட் எவ்வளவு மேலே வரும் என்று ஊகிக்கத் தன் கணக்குக்காக வைத்திருக்கிற எண், கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. அதைக் காட்டி விலை பேசினால் மயங்காதீர்கள்.

காசு கொடுத்துக் கட்டுரை போடுவது விளம்பரம். விளம்பரமாகப் போட ஒரு தடையும் இல்லை, அதிலுள்ள லிங்க்குக்கு ஸ்பான்சர்டு என்ற குறியைப் போட்டுவிட வேண்டும், 2019-லிருந்து கூகுள் அதற்கென்றே அந்தக் குறியை வைத்திருக்கிறது. குறி போட்டால் ரேங்க்குக்கு உதவும் என்று எதிர்பார்க்கக் கூடாது, போடாவிட்டால் விதிமீறல். படிக்கிறவர்கள் ரூம் போடுவார்கள் என்று தோன்றினால் செலவு செய்யுங்கள், ரேங்க்குக்காகச் செய்யாதீர்கள்.

பதினொரு லாட்ஜ் ஒன்றையொன்று சுட்டிக்கொள்வதும் வேண்டாம், ரேங்க்குக்காகவே அளவுக்கு மீறி லிங்க் மாற்றிக்கொள்வது கூகுள் வெளிப்படையாகத் தடுத்திருக்கிற விஷயம். ரூம் இல்லாத நாளில் நீங்கள் மனதார அனுப்பி வைக்கிற ஒரு லாட்ஜ் இருந்தால் அதை மட்டும் உங்கள் சைட்டில் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்கும் அது உதவி. உங்கள் தொழிலுக்கு முதலில் கவனிக்க வேண்டியது கூகுள் மேப். "குற்றாலம் லாட்ஜ்" என்று தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான், அங்கே தூரம், தேடலுக்குப் பொருத்தம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள், ரிவ்யூக்களும் அதில் சேரும். அங்கே உங்கள் போன் நம்பர் பழசாகக் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

டியூஷன் சென்டர் சைட். பங்குனியில் புது டிசைனில், புது டொமைனில் (சைட்டின் முகவரிப் பெயர்) மாற்றினோம். முதல் பக்கத்தில் இருந்தது இப்போது ஐந்தாம் பக்கத்தில். எதிரிக் கடைக்காரர் கெட்ட லிங்க் போட்டுக் கவிழ்த்துவிட்டார் என்று டிசைனர் சொல்கிறார். அந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ செய்ய வேண்டுமாம்.
— வாசகி, பாளையங்கோட்டை

எதிரி இல்லை மேடம், உங்கள் பழைய முகவரிகள்தான். பழைய சைட்டில் "பிளஸ் டூ கணிதம்" பக்கத்தின் முகவரியைத் தட்டினேன், 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. பெற்றோர்களும் பள்ளிகளும் பல வருடமாகப் போட்டு வைத்த லிங்க் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகின்றன, அங்கே இப்போது ஆள் இல்லை. சேர்த்த நல்ல பெயர் முழுக்க வாசலிலேயே நிற்கிறது.

டிசைனரிடம் சொல்லி, பழைய ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் அதற்குச் சமமான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (வருகிறவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டுக் கையைக் கழுவ விடாதீர்கள், கணிதம் கணிதத்துக்கே போக வேண்டும். சைட் நடத்துகிறவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் தெரிவித்துவிடுங்கள். அதே இடத்தில், கூகுள் ஆளே பார்த்து எடுத்த நடவடிக்கையைச் சொல்லும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் டிஸ்அவோ பக்கமே போக வேண்டாம். அந்தக் கருவி காசுக்கு லிங்க் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு, தெரியாமல் கை வைத்தால் நல்ல லிங்க்கும் சேர்ந்து போய்விடும். ரீடைரக்ட் போட்டதும் மறுநாளே ஏறாது, சில வாரம் பிடிக்கும். அதற்குள் பழைய டொமைன் காலாவதியாகிவிட்டால் ரீடைரக்ட்டும் அதோடு போய்விடும், நல்ல லிங்க் உள்ள பெயர் என்று தெரிந்தே அதை வாங்கிச் சூதாட்ட சைட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் அதற்கு மேலும், பழைய டொமைனுக்குப் பணம் கட்டிப் புதுப்பித்து வையுங்கள்.