சைட் கண்ணுக்குத் தெரியவில்லையா? செலவில்லாத வழிகள்: கேள்வி பதில்

கைத்துப்பாக்கியின் ஃபிரன்ட் சைட் (குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் சின்ன மேடு; பின்னால் இடுக்கோடு இருப்பது ரியர் சைட்) பளிச்சென்று தெரியவில்லை, அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் டெக்சாஸில் இருப்பதால் பேச்சு பெரும்பாலும் இங்கே விற்கும் பிஸ்டல்களைப் பற்றியே இருக்கும். எதில் கை வைப்பதற்கு முன்பும் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டா டப்பா அடுத்த அறையில் இருக்கட்டும்.

செந்தில், ஆஸ்டின்: புது பிஸ்டலில் மூன்று வெள்ளைப் புள்ளி. வேகமாகச் சுடும்போது எது முன்னது, எது பின்னது என்றே பிடிபடவில்லை. புது சைட் மாற்ற நூறு டாலர் கேட்கிறார்கள் அண்ணே.

நூறு டாலர் பையிலேயே இருக்கட்டும் தம்பி. ஒரு கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் எடுத்து, பின்னால் இருக்கும் இரண்டு புள்ளிகளையும் அடைத்துவிடுங்கள். மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் கண் மூன்றுக்கும் சமமாக அலையும். பின்னது இருண்டுவிட்டால் முன்னது தானாக எடுப்பாகத் தெரியும். கிளாக் கம்பெனி பிஸ்டலில் பின்னால் புள்ளிக்குப் பதில் வெள்ளைக் கோடு வளைந்து ஓடும், அதற்கும் இதே வைத்தியம்தான். பிடிக்காவிட்டால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

கவிதா, ஹூஸ்டன்: ஃபிரன்ட் சைட்டில் ஆரஞ்சு நெயில் பாலிஷ் பூசினேன். மங்கலாகத் தெரிந்தது, கொஞ்ச நாளில் உரிந்தும் விட்டது. எங்கே தப்பு?

இரண்டு இடத்தில். மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம், நியான் நிறங்கள் பாதி ஒளி ஊடுருவக்கூடியவை. கறுப்பு உலோகத்தின் மேல் நேராகப் பூசினால் அழுக்கு நிறமாகிவிடும். முதலில் வெள்ளை பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆரஞ்சு.

உரிந்ததற்குக் காரணம் எண்ணெய். துப்பாக்கியில் எண்ணெய் படாத இடமே கிடையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்து, அழுக்கு வராத வரை சைட்டைத் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது அரிக்கக்கூடும். பாட்டிலோடு வரும் பிரஷும் வேண்டாம், சைட்டின் அகலத்தைவிட அது பெரிது. பல்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்து நடுவில் வைத்து ஓரம் வரை இழுங்கள். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, கடைசியில் நிறமில்லாத டாப் கோட். அப்புறம், குழலைச் சுத்தம் செய்யும் சால்வென்ட் பட்டால் நெயில் பாலிஷ் இளகும். பொம்மைக் கார்களுக்குப் பூசும் எனாமல் பெயின்ட் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒயிட்னர் மட்டும் வேண்டாம், உடைந்து உடைந்து விழும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிக எளிதாகப் படுவது மஞ்சள் கலந்த பச்சைதான். ஆனால் புல்வெளிக்கு எதிரே அது கரைந்துபோகும், அங்கே ஆரஞ்சு நல்லது. அடர்சிவப்பு கடையில் அழகாக இருக்கும், மங்கல் வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும்.

அதே கவிதா: புள்ளியாக வைப்பதா, முழுவதும் பூசுவதா?

மேல் விளிம்பு வரை பூசுங்கள், விளிம்பு நேராக இருக்கட்டும். புள்ளி கொஞ்சம் கீழே அமைந்தால், அதை ரியர் சைட்டின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவர கை தன்னையறியாமல் குழலைத் தூக்கும். இரண்டு சைட்டுக்கும் இடையே 16 சென்டிமீட்டர் இருக்கும் சின்ன பிஸ்டலில், ஒரே ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் 10 மீட்டரில் குண்டு 6 சென்டிமீட்டர் மேலே போகும். துப்பாக்கி மேலே சுடுகிறது என்று புகார் சொல்பவர்கள் இதை முதலில் பார்க்கவும்.

ராமநாதன், டாலஸ்: வயது ஐம்பத்து நான்கு. தூரத்துப் பார்வை நன்றாக இருக்கிறது. என்ன நிறம் அடித்தாலும் ஃபிரன்ட் சைட் கலங்கலாகவே தெரிகிறது.

சார், கோளாறு துப்பாக்கியில் இல்லை, வயதானால் கிட்டப் பொருள் கலங்கும் வெள்ளெழுத்து. பெயின்ட் கலங்கலைத் தெளிவாக்காது, நிறமுள்ள கலங்கலாக்கும், அவ்வளவுதான். கையை நீட்டினால் ஃபிரன்ட் சைட் கண்ணிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கும். அந்தத் தூரத்தைத் தெளிவாகப் பார்க்கக் கணக்குப்படி ஏறக்குறைய 1.4 பவர் வேண்டும். அவ்வளவும் போட்டால் டார்கெட் காணாமல் போகும். அதனால் 0.75 அல்லது 1.00 போதும் என்பது என் கருத்து. மலிவான ரீடிங் கண்ணாடியை வைத்து வீட்டிலேயே எது ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டு, அதே பவரில் முழு லென்ஸ் சேஃப்டி கண்ணாடி வாங்குங்கள். சாதா ரீடிங் கண்ணாடியோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, போகக் கூடாது. கீழே மட்டும் பவர் உள்ள பைஃபோகலும் உதவாது, தலையை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். கண் டாக்டரிடம் போவதானால் தூரத்தை டேப்பால் அளந்து சொன்னால் போதும், துப்பாக்கியோடு போய் நிற்காதீர்கள்!

காசே செலவில்லாத ஒன்று: கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டு, குறி பார்க்கும் கண்ணுக்கு நேராக சேஃப்டி கண்ணாடியில் ஒட்டுங்கள். சின்னத் துளை வழியே பார்க்கும்போது ஃபிரன்ட் சைட், ரியர் சைட், டார்கெட் மூன்றுமே ஓரளவு தெளியும். நல்ல வெயிலில், பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும். பக்கப் பார்வையை மறைப்பதால் தற்காப்புப் பயிற்சிக்கு ஆகாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா: மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (அழுத்தக் காற்றால் சுடும் போட்டி) பழகுகிறாள். அவளுடையதிலும் கலர் பூசலாமா?

வேண்டாம் அம்மா, அவளுக்கு நேர் எதிரானது தேவை. டார்கெட் நடுவில் இருக்கும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அந்த நுணுக்கத்துக்கு, கறுப்பு வட்டத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளையில் சைட்டின் கூர்மையான கறுப்பு விளிம்பும், ரியர் சைட் இடுக்கில் அதன் இருபக்கத்து வெளிச்சக் கீற்றும்தான் வேண்டும். பளபளப்புதான் எதிரி. தேய்ந்து மின்னும் ஃபிரன்ட் சைட்டைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, எரியும் கற்பூரத்தின் மேல் காட்டுங்கள். சில நொடிகளில் மை போன்ற கரி படியும், துளிகூட மின்னாது. விரல் பட்டால் அழியும் என்பதால் மாட்டும்போது பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பிஸ்டலில் மாட்டியபடியே செய்யாதீர்கள், சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்று இருக்கும். சர்வதேச விதிப்படி லென்ஸோ ஃபில்டரோ பிஸ்டலில் பொருத்தக் கூடாது, சுடுபவர் கண்ணில் அணியலாம்.

முருகேசன், சான் அன்டோனியோ: இருட்டில் ஒளிரும் பெயின்ட்?

டார்ச் வெளிச்சம் காட்டினால் கொஞ்ச நேரம் மின்னி மங்கும். ட்ரிடியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சைட் தானே ஒளிரும், விலை அதிகம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் தயாரித்த ஆண்டைப் பாருங்கள், 12 ஆண்டில் ஒளி பாதியாகிவிடும். இருட்டில் சைட் தெரிவதைவிட எதிரே நிற்பது யார் என்று தெரிவது முக்கியம். அந்தக் காசுக்கு நல்ல டார்ச் வாங்குங்கள்.

மறுபடியும் செந்தில்: பேசாமல் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் வாங்கிவிட்டால்?

வசதி இருந்தால் வாங்குங்கள், வயதான கண்ணுக்கு அதைவிடச் சுலபம் கிடையாது. ஆனால் கடையிலேயே எட்டிப் பாருங்கள். புள்ளி இழுபட்டுத் தெரிந்தால் போன் கேமராவைப் பிடித்துப் பாருங்கள். போனில் உருண்டையாக வந்தால் சரக்கு நல்லதுதான், உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (கண் வளைவு சீராக இல்லாததால் உருவம் இழுபடும் குறை) இருக்கலாம். அப்போது முதல் செலவு கண் டாக்டருக்கு.