குழந்தைப் பாடல்களில் வரும் அரசர்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: யூ.கே.ஜி. படிக்கும் என் பேத்தியின் ஆங்கிலப் பாடல்களில் ராஜாவும் ராணியும் அடிக்கடி வருகிறார்கள். 'ஹம்ப்டி டம்ப்டி' என்பது இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டைக் குறிக்கிறது என்று பள்ளி விழாவில் ஒருவர் பேசினார். இப்பாடல்களில் அரச வரலாறு ஒளிந்திருக்கிறதா?
(ஒரு வாசகி, இராணிப்பேட்டை)

பதில்: அவர் சொன்னதற்குச் சான்று இல்லை, அம்மா. மூன்றாம் ரிச்சர்ட் போர்க்களத்தில் மாண்டது 1485இல். அந்தப் பாடல் முதன்முதலாக அச்சில் காணப்படுவது 1797இல். இரண்டையும் இணைத்துப் பேசும் கருத்தோ 1930இல் வெளிவந்த ஒரு நூலால்தான் பரவியது. பாடலை நிதானமாகப் படித்தால், அதில் முட்டை என்ற சொல்லே இல்லை என்பது தெரியும். சுவரிலிருந்து விழுந்த ஒன்றை அரசனின் குதிரைகளும் ஆட்களும் கூடியும் ஒட்டவைக்க முடியவில்லை, அது என்ன என்று கேட்கும் விடுகதை அது. புத்தகங்களில் அதன் விடையான முட்டையைப் படமாகவே வரைந்து காட்டிவிடுவதால், விடையைத் தேடும் இன்பம் குழந்தைகளுக்குக் கிட்டாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பேத்திக்குப் படத்தை மறைத்துவிட்டுப் பாடிக் காட்டுங்கள்.

மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுட்ட இருபத்துநான்கு கரும்பறவைகளை அரசர் முன் வைப்பதாக வரும் 'சிங் எ சாங் ஆஃப் சிக்ஸ்பென்ஸ்' என்ற பாடலில், பணம் எண்ணும் அந்த அரசரை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி என்பாரும் உண்டு. ஆனால் 1744 அளவில் அச்சான அதன் பழைய வடிவில் அரசரும் இல்லை, அரசியும் இல்லை; மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுடப்பட்டவர்கள் இருபத்துநான்கு குறும்புக்காரச் சிறுவர்கள். கரும்பறவைகளும் அரச குடும்பமும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள். உயிருள்ள பறவைகளை உள்ளே வைத்து, அறுத்தவுடன் பறக்கவிடும் விருந்து வேடிக்கை மட்டும் மெய்யாகவே இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சமையல் நூலொன்றில் அதன் செய்முறையே உள்ளது.

உங்கள் ஊரின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான். அவன் பெயரையும் அவன் ஏறிய குதிரையையும் வெளிப்படையாகச் சொல்லியே நம் மக்கள் கதைப்பாடல் பாடினார்கள். உடன்கட்டை ஏறிய அவனுடைய இளம் மனைவியின் நினைவாக நவாப் பாலாற்றங்கரையில் அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஆங்கிலப் பாடல்களின் ராஜாவுக்கு இப்படிப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை; நம் பாட்டிமார் சொல்லும் 'ஒரு ஊரிலே ஒரு ராஜா'வைப் போன்றவர் அவர்.

கேள்வி: தமிழ்க் குழந்தைப் பாடல்களில் அரசருக்கு இடமுண்டா?
(ஒரு வாசகர், ஆரணி)

பதில்: உண்டு. தாலாட்டில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையே ராசாதான். சேர மன்னராகிய குலசேகர ஆழ்வார், கோசலை பெற்ற இராமனைக் குழந்தையாக எண்ணித் 'தாலேலோ' என்று பாடினார். ஒட்டக்கூத்தரோ தம் காலத்துச் சோழப் பேரரசன் இரண்டாம் குலோத்துங்கனையே குழந்தையாக்கி, அவனோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் அம்புலிப் பருவம் உள்ளிட்ட பிள்ளைத்தமிழைப் பாடினார்; இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களில் அதுவே மிகப் பழையது.