மூடிய டிக்கெட்டும் முடிந்த வேலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் அணிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒரு காலாண்டாக எல்லோரும் இரவு வரை உட்காருகிறார்கள். கையில் எப்போதும் 36 டிக்கெட் (பதிவான தனித்தனி வேலை) இருக்கும். வாரம் 20 மூடுகிறோம், முன்பைவிட அதிகம். ஆனால் அதில் எட்டு மறுபடி திறக்கிறது. ஆன்-காலில், அதாவது கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்கும் முறையில், இருப்பவருக்கு ஒரே இரவில் நாலைந்து அலர்ட் (தானியங்கி எச்சரிக்கை) வருகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இருவர் இப்போது மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. தியான வகுப்பு வைக்கலாம் என்கிறது மனிதவளத் துறை. மேலாளரோ எண்கள் ஏறித்தானே இருக்கின்றன என்கிறார். அழுத்தம் உண்மையிலேயே உற்பத்தியைக் குறைக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

குறைக்கிறது. ஆனால் எல்லா வேலையையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை; உங்கள் மேலாளருக்குக் கண்ணில் படாமல் போவது அதனால்தான். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலேயே இது தெரிந்தது: எளிய பணியில் நெருக்கடி கூடக்கூட வேகமும் கூடியது, கடினமான பணியிலோ சீக்கிரமே சரிவு தொடங்கிவிட்டது. அணிகளிலும் இதைப் பார்க்கலாம். பட்டன் நிறம் மாற்றுகிற டிக்கெட் பறக்கும். யோசிக்க வேண்டியது கெடும்.

எப்படிக் கெடும் என்றால், நிரலைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் சில நேரம் பாஸ் ஆகிறது, சில நேரம் ஃபெயில் ஆகிறது. இரண்டு த்ரெட் (நிரலில் ஒரே சமயத்தில் ஓடும் பகுதிகள்) ஒரே தரவைத் தொடுவதுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் தொந்தரவில்லாமல் உட்கார வேண்டும். அந்த அரை நாள் இல்லாதவர் நடுவில் மூன்று விநாடி ஸ்லீப் (காத்திருக்கும் கட்டளை) போட்டு, டெஸ்ட் பச்சையானதும் டிக்கெட்டை மூடிவிடுவார். அறுநூறு வரி மாற்றத்தை ரிவ்யூ செய்பவரும் அதே நெருக்கடியில் இருப்பதால் ஐந்தே நிமிடத்தில் அப்ரூவ் செய்வார். சர்வரில் லோடு ஏறும் நாளில் அது திரும்ப வரும். உங்கள் எட்டில் எத்தனை இந்த ரகம் என்று கமிட்டுகளை (சேமித்த நிரல் மாற்றங்களை) திறந்து பாருங்கள்.

வேலைக்கு நடுவே குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடிக்கிறார்கள், ஆனால் அழுத்தமும் எரிச்சலும் கூடிவிடுகின்றன என்று ஆய்வாளர் குளோரியா மார்க் குழுவினரின் 2008 ஆய்வு காட்டியது. ஆக, வேகம் நலத்துக்குச் சான்று ஆகாது.

இனி கணக்கு. திரும்பி வரும் எட்டைக் கழித்தால் வாரம் உண்மையில் முடிவது 12. வரிசைக் கணிதத்தின் லிட்டில் விதிப்படி, கையில் இருப்பதை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு டிக்கெட் முடிய ஆகும் சராசரிக் காலம் வரும்: 36-ஐ 12-ஆல் வகுக்க மூன்று வாரம். ஆளுக்கு இரண்டு என்று வரம்பு வைத்து 16-க்கு இறக்குங்கள். வேகம் துளியும் கூடாவிட்டாலும் ஒரு டிக்கெட் ஒன்பது நாளுக்குச் சற்று மேல் முடிந்துவிடும். முதல் வாரம் கூச்சல் வரும். 'என்னுடையதை ஏன் நிறுத்தினீர்கள்' என்று எல்லாத் துறையும் கேட்கும். வரிசையை முடிவு செய்யும் வேலை அப்போது மேலாளரிடம் போக வேண்டும், டெவலப்பர் தலையில் விழக் கூடாது.

எல்லோருடைய நேரத்தையும் நூறு சதவீதம் வேலையால் நிரப்புவதும் ஆபத்து. வேலை ஒழுங்கில்லாமல் வந்து சேரும் இடத்தில், எளிய வரிசைக் கணிதப்படி, 80 சதவீத நிரப்பலில் காத்திருப்பு ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல நான்கு மடங்கு, 90-இல் ஒன்பது, 95-இல் பத்தொன்பது. அவசரம் ஒன்று வந்தால் நுழைய இடம் வேண்டாமா?

ஆன்-கால்தான் உங்களிடம் மிக மோசம். 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது என்பது கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகள் தடையின்றி ஓடக் கவனிக்கும்) அணிகள் 2016-இல் வெளியிட்ட வரம்பு. காரணம் தேடி, சரிசெய்து, அறிக்கை எழுத ஒரு சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு மாத அலர்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: எழுந்தவர் ஏதாவது செய்தாரா? பார்த்துவிட்டுப் படுத்தார் என்றால் அந்த அலர்ட் காலை டிக்கெட்டாகட்டும். சிபியு (கணினிச் செயலி) பயன்பாடு 80 சதவீதம் என்பதற்கெல்லாம் ஆளை எழுப்பக் கூடாது. வாடிக்கையாளர் கோரிக்கை தோற்கிறதா என்பதற்கு எழுப்பலாம். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் காலை விடுப்பு, அவர் கேட்காமலே.

தியான வகுப்பு வைக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் வேலைப்பளு மிகுந்து, அதன்மேல் தன் கட்டுப்பாடு குறையும்போதுதான் ஆள் நொறுங்குகிறார் என்று வேலை அழுத்த ஆய்வாளர் கராசெக் 1979-இலேயே சொன்னார். வகுப்பு இரண்டில் எதையும் மாற்றாது. அதையும் மாலை ஏழு மணிக்கு வைத்தால் இன்னொரு மீட்டிங், அவ்வளவுதான்.

பேசாத இருவரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றையும் சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாடான ஐசிடி-11-இல் பர்ன்-அவுட் என்கிறது. மௌனம் இரண்டாவதாக இருக்கலாம். 'எப்படி இருக்கிறீர்கள்' என்றால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'உங்களிடமிருந்து எந்த வேலையை எடுக்கட்டும்' என்று கேளுங்கள், கேட்ட வாரமே எடுத்துவிடுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

மேலாளருக்கு வாரம் நான்கு எண் போதும்: திரும்பத் திறந்தவை, ரிவ்யூவுக்குக் காத்த நேரம், கையில் உள்ளவற்றில் மிகப் பழையதன் வயது, இரவு அலர்ட். நான்கும் அணி மொத்தத்துக்கு மட்டும். ஆள்வாரியாகப் போட்டால் அடுத்த வாரமே மறுபடி திறக்க வேண்டியதைப் புது டிக்கெட்டாகப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.