மேஜர் (முதன்மைப் பாடம்) சொல்ல இரண்டு வருடம் இருக்கிறது. முதல் செமஸ்டரில் எதைப் படிப்பது?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் கணிதம்-உயிரியல் எடுத்தவள். அமெரிக்காவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும் இளங்கலை) கல்லூரியில் நல்ல உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், "இரண்டு வருஷம் கழித்து மேஜர் சொன்னால் போதும்" என்கிறாள். உயிரியல், பொருளாதாரம் இரண்டிலும் ஆசை. டாக்டர் எண்ணமும் முழுதாகப் போகவில்லை. கடைசியில் பி.ஏ. பட்டம்தான் தருவார்களாம். நம்பி அனுப்பலாமா? முதல் வருடத்தை எப்படித் திட்டமிடுவது? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்:

அனுப்பலாம். பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகளில் இயற்பியல் படித்தாலும் கணினி அறிவியல் படித்தாலும் பி.ஏ.தான். ஆய்வகமும் கணிதமும் அதனால் குறைவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. மேஜரை இரண்டாம் ஆண்டு இறுதியில் அறிவிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மேஜருக்கான பாடங்களை முதல் செமஸ்டரிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

நான்கு ஆண்டில் 32 பாடங்கள், செமஸ்டருக்கு 4 என்பது பல கல்லூரிகளின் கணக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேஜருக்குப் போகும். ஸ்வார்த்மோர் போன்ற இடங்களில் மூன்று பெரும்பிரிவுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று பாடமாவது எடுக்க வேண்டும். கிரினெலில் முதலாண்டு ட்யூடோரியல் ஒன்றுதான் எல்லோருக்கும் கட்டாயம். மற்றதை மாணவரும் ஆலோசகரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். கார்ல்டனில் ஆண்டுக்குப் பத்து வாரப் பருவங்கள் மூன்று. கொலராடோ கல்லூரியிலோ ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரத்தில் முடிந்துவிடும். மகள் சேரும் கல்லூரி இதில் எந்த வகை என்பதை அதன் கேட்டலாகில் (பாடத்திட்டக் கையேட்டில்) இப்போதே படித்துவிடுங்கள்.

அறிவியல் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுபவை. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், பிறகு கரிம வேதியியல் இரண்டு, அதன் பிறகுதான் உயிர்வேதியியல் என்பது வழக்கமான வரிசை. வேதியியலை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் உயிர்வேதியியல் நான்காம் ஆண்டுக்குத் தள்ளிப்போகும். மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் வாய்ப்பும் அத்தோடு போய்விடும். பொருளாதாரத்திலும் அறிமுகப் பாடம், நுண்பொருளியல், பேரினப் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரப் பொருளியல்) என்று வரிசை உண்டு. அதற்குக் கால்குலஸும் புள்ளியியலும் அடித்தளம்.

ஆகவே உங்கள் மகளுக்கு முதல் செமஸ்டரில் நாங்கள் சொல்வது: பொது வேதியியல், கால்குலஸ், கட்டாய எழுத்துக் கருத்தரங்கு, நான்காவதாக அறிமுகப் பொருளாதாரம். உயிரியலை இரண்டாம் செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் செமஸ்டரிலேயே இரண்டு ஆய்வகப் பாடம் வேண்டாம். ஒரு பாடத்துக்கு, வாரம் மூன்று மணி நேர வகுப்புக்கு வெளியே ஆறு முதல் ஒன்பது மணி நேரம் வேலை இருக்கும். நான்கு பாடத்துக்கு வாரம் 36 முதல் 48 மணி நேரம் ஆகிவிடும். ஆய்வகம் ஒன்று கூடினால் இன்னும் மூன்று, நான்கு மணி நேரம்.

கணிதத்தில் எந்த நிலையில் தொடங்கலாம் என்று பார்க்க பிளேஸ்மென்ட் தேர்வு வைப்பார்கள். நம் ப்ளஸ் டூவில் தொகையிடலை வேகமாகச் செய்யப் பழகியிருப்பார்கள். அங்கே ஏன் அப்படிச் செய்தாய் என்று வாக்கியத்தில் எழுதச் சொல்வார்கள். தேர்வு முடிவை வைத்து ஒரு படி மேலான வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் திணறுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் சரிப்படவில்லை என்றால், பாடம் மாற்றும் கெடு முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

கெடு தாண்டிய பிறகு பாடத்தைக் கைவிடுவது வேறு விஷயம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர அளவுக்குக் கீழே, பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் கீழே, அனுமதியில்லாமல் இறங்கினால் விசா நிலையே போய்விடும். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி, பிறகுதான் விலகல் படிவம்.

மதிப்பெண் விஷயத்தில் அதிகம் அடிபடுவது எழுத்தில். பாடநூல் வரியை அப்படியே எழுதினால் இங்கே முழு மதிப்பெண். அங்கே மேற்கோள் குறியும் ஆதாரமும் இல்லாமல் எழுதினால் அது திருட்டு, ஒழுங்கு விசாரணை வரைக்கும் போகும். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது பேராசிரியருக்குப் பேராசிரியர் மாறும்; சிலபஸில் இருக்கும், படித்துவிட்டே தொடங்க வேண்டும். கட்டுரையின் முதல் வரைவைக் கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்பே கல்லூரியின் எழுத்து மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. பேராசிரியரின் ஆஃபீஸ் அவர்ஸுக்கும் (மாணவரைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) மூன்றாவது வாரத்துக்குள் ஒருமுறையாவது போக வேண்டும். நம் பிள்ளைகள் தொந்தரவு என்று நினைத்துத் தயங்குவார்கள். பிஎச்.டி.க்கு மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அதை எழுதப்போவது இவர்கள்தான்.

டாக்டர் எண்ணத்தை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நுழைவு நீட் வழியாகத்தான், அமெரிக்க பி.ஏ. அதற்கு உதவாது. அமெரிக்காவில் மருத்துவம் என்பது நான்கு ஆண்டுப் பட்டத்துக்குப் பின் எம்கேட் தேர்வு எழுதி இன்னொரு நான்கு ஆண்டு. பச்சை அட்டை (கிரீன் கார்டு) இல்லாதவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. எடுப்பவற்றிலும் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டவோ கட்டவோ சொல்லும். உயிரியல் ஆராய்ச்சியில் ஆசை என்றால் இந்த வழி அருமையானது. இந்தியாவில் மருத்துவராக வேண்டும் என்பதே முதல் ஆசை என்றால் இது அதற்கான வழி அல்ல.

வேலை பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். பட்டம் முடித்ததும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். மேஜர் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். அதைத் தீர்மானிப்பது மேஜரின் பெயர் அல்ல, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சிஐபி எண் (பாடத்துறைக் குறியீடு). உயிரியலுக்குச் சிக்கல் இல்லை. பொருளாதாரத்துக்கு 45.0601 என்று பதிவானால் நீட்டிப்பு கிடையாது; 45.0603 என்றால் உண்டு. அதே பெயரில் ஒரு கல்லூரி முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாவதையும் பயன்படுத்தும். மேஜர் அறிவிக்கும் முன் எந்த எண் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரட்டை மேஜர் என்றால் இரண்டும் ஐ-20இல் ஏற வேண்டும். மைனர் (துணைப் பாடம்) கணக்கில் வராது. ஓபிடி விண்ணப்பம் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை. இந்த விதிகள் அடிக்கடி மாற்றத்துக்கு உள்ளாகின்றன. அமெரிக்க வேலையை நம்பி வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

ஆராய்ச்சிக்குச் சிறு கல்லூரி நல்ல இடம். முதுகலை மாணவர்கள் இல்லாததால் பேராசிரியரின் ஆய்வகத்தில் இளங்கலை மாணவரே வேலை செய்வார். கோடையில் இதற்கென்று கல்லூரியே பணம் தரும். குளிர் விடுமுறை முடிந்த கையோடு விசாரித்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயூ என்ற இளங்கலை மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தின் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டுமே; அதற்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே பி.ஏ. முடித்ததும் நேரடியாக பிஎச்.டி. சேரலாம். அறிவியலில் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவியும் சேர்ந்தே வரும். எம்.எஸ். பொதுவாகக் கைக்காசு.

உதவித்தொகையில் தங்குமிடத்துக்கும் உணவுக்குமான பகுதிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. கல்லூரி 14 சதவீதம் பிடிக்கும், அல்லது கட்டணப் பட்டியலில் சேர்க்கும். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி நிலையான கழிவு கிடைக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவத்தில் கோரினால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பும். இதைக் கோராமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டிசம்பர் விடுமுறையில் விடுதியும் உணவகமும் திறந்திருக்குமா என்பதையும் விமானச் சீட்டு எடுக்கும் முன் கேளுங்கள்.

இந்தியா திரும்பினால் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வேண்டும். இதற்கு யுஜிசி 2025 ஏப்ரலில் புதிய விதிமுறை கொண்டுவந்தது. 75 சதவீதம் அல்லது அதற்கு இணையான மதிப்பெண்ணோடு நான்காண்டு இளங்கலை முடித்தவர் முதுகலை இல்லாமலே இங்கே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று யுஜிசியின் 2022 விதிகள் சொல்கின்றன. "பி.ஏ. உயிரியல்" என்பதைப் பார்த்து இங்குள்ள அலுவலகங்களில் யாராவது ஆய்வக நேரம் எவ்வளவு என்று கேட்டால் காட்டுவதற்குச் சிலபஸ் வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், எல்லாப் பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்து, கல்லூரி மின்னஞ்சலுக்கு வெளியே ஓர் இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். பட்டம் வாங்கியபின் அந்த மின்னஞ்சல் கணக்கை மூடிவிடும் கல்லூரிகளும் உண்டு.