எர்திக் மாளிகையில் அப்படி என்ன இருக்கிறது?
வேல்ஸில் ரெக்ஸம் அருகேயுள்ள எர்திக்கை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அங்கே வேலை செய்தவர்களுக்காகத்தான்.

1680களில் ஜோஷுவா எடிஸ்பரி கட்டிய செங்கல் வீடு இது. அவர் கடனில் மூழ்க, வாங்கிய ஜான் மெல்லர் இருபுறமும் நீட்டிக் கட்டினார். மேற்கு முகப்புக்குக் கல் போர்த்தியது 1770களில்.

1733 முதல் யார்க் குடும்பம். இவர்கள் வேலையாட்களை ஓவியமாக வரையவைத்து, ஆளுக்கொரு பாட்டும் எழுதினார்கள். 1793ஆம் ஆண்டுப் படத்தில் இருப்பவர் ஜேன் எப்ரெல். ஒட்டடை அடித்த பணிப்பெண், வயது 87! அந்தக் காலத்தில் எந்தப் பிரபு வீட்டில் இதைப் பார்க்க முடியும்?

பின்னாளில் அடியிலேயே நிலக்கரி தோண்டியதில் வீடு சுமார் 5 அடி இறங்கிவிட்டது. 1973இல் கடைசி வாரிசு பிலிப் யார்க், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் வீட்டை ஒப்படைத்தார். செப்பனிட்டு 1977இல் திறந்தார்கள்.