டிராக்டர் டீசல் பம்பை நாமே கழற்றலாமா?

ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று சிலிண்டர் பழைய டிராக்டர், இன்லைன் பம்ப். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, லோடு ஏறினால் கரும்புகை, இன்ஜின் ஆயில் அளவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. பம்பைக் கழற்றி எடுத்து வாங்க, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் பெங்களூரு பம்ப் கடைக்காரர். நானே கழற்றலாமா?"

தாராளமாகக் கழற்றலாம். தொல்லை எல்லாம் திரும்ப மாட்டும்போதுதான், அதுவும் டைமிங் (பம்ப் டீசலைப் பீய்ச்சும் நேரம்) எங்கே நின்றது என்று பார்க்காமல் உருவிவிட்டால்.

அதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் அந்த ஆயிலோடு இனி ஓட்டவே வேண்டாம், பேரிங் போய்விடும். கரும்புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்போ ஒழுகுகிற நாசிலோ கூடக் காரணமாக இருக்கலாம், ஆனால் ஆயில் ஏறுவது வேறு விஷயம். இன்ஜின் ஆயிலே பம்புக்கும் போகிற மாடலாக இருந்து, பிளஞ்சர் (சிலிண்டருக்கு ஒன்றாக, பம்புக்குள் டீசலை அழுத்தும் சின்னத் தண்டு) தேய்ந்திருந்தால், டீசல் பம்பின் கேம் பக்கம் கசிந்து, அங்கிருந்து இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்கு வந்துவிடும். இன்ஜின் பிளாக்கில் தனியாக டயாஃப்ரம் ஃபீட் பம்ப் இருந்தால் அது கிழிந்தாலும் இதே கதைதான். அதை முதலில் பாருங்கள், செலவு குறைவு.

பம்ப்தான் என்று முடிவானால் இன்ஜினை ஆறவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, டேங்க் காக்கை மூடிவிட்டு, பம்பையும் பைப் நட்டுகளையும் பிரஷ்ஷால் டீசல் தொட்டு மண் போகக் கழுவுங்கள். உள்ளே பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு சிட்டிகை செம்மண் போதும் கெடுக்க.

இனி டைமிங். வால்வ் கவரைத் திறந்து, இன்ஜின் ஓடுகிற திசையிலேயே கிராங்க்கைக் கையால் சுற்றி, பிளைவீல் அல்லது புல்லியில் உள்ள டைமிங் மார்க் முள்ளுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். பம்ப் சுற்றுவது இன்ஜினின் பாதி வேகத்தில், அதனால் ஒரே மார்க் இரண்டு தடவை வரும். ஒன்றாம் சிலிண்டரின் வால்வுகளைத் திறக்கும் இரண்டு ராக்கரும் லூசாக ஆடினால்தான் கம்ப்ரஷன், அதுதான் உங்களுக்கு வேண்டியது. மார்க் தாண்டிவிட்டால் கொஞ்சம் அதிகமாகவே பின்னால் போய்த் திரும்ப முன்னோக்கி வாருங்கள், கியர் பல்லில் உள்ள விளையாட்டு அப்போதுதான் ஒரு பக்கம் ஒதுங்கும். பிறகு பம்ப் ஃபிளாஞ்சும் இன்ஜின் முகமும் சேரும் இடத்தின் குறுக்கே கூரான சிசலால் ஒரே கோடு போடுங்கள். சாக்பீஸ் கோடு டீசல் பட்டால் அழிந்துவிடும். போனில் நாலு போட்டோவும் எடுங்கள். இதன்பின் கிராங்க்கை யாரும் தொடக்கூடாது, பிள்ளைகள் உட்பட.

பைப்புகளுக்கு 1, 2, 3 என்று டேக் கட்டிக் கழற்றி, திறந்த வாய் ஒவ்வொன்றையும் மூடுங்கள். வேஸ்ட் துணி திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். ஆக்சிலரேட்டர் ராடு, ஸ்டாப் கேபிள், ஆயில் லைன் எல்லாம் எடுத்தபின் டைமிங் கவரின் சின்ன மூடியைத் திறந்தால் பம்ப் கியர் தெரியும். டேப்பர் ஷாஃப்ட்டில் நட்டு போட்டதென்றால் புல்லர்தான், சுத்தியல் கிட்டேயே வரக்கூடாது. கியர் பக்கத்துப் பல்லோடு பொருந்தும் இடத்தில் பெயிண்ட் மார்க் வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் கியரைப் பிடித்திருக்கும் கீ (சின்ன இரும்புத் துண்டு) டைமிங் கவருக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு, விழுந்தால் முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டிவரும்.

கடைக்குப் போகும்போது இன்ஜெக்டர்களையும் கொண்டுபோங்கள், பம்ப் பிளேட்டில் உள்ள எண்ணைக் காட்டி அதற்குரிய அளவில் காலிபரேஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் அளவைச் சரிசெய்வது) செய்யச் சொல்லுங்கள். "இழுவை கூட்டித் தரேன்" என்று சீல் ஸ்க்ரூவைத் திருக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பழைய கரும்புகை கூடுதலாகத் திரும்பி வரும். ஸ்பேர் பார்ட்ஸ் ஏதும் வேண்டுமென்றால் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம்தானே.

மாட்டும்போது கோடும் கோடும் சேரட்டும், புது கேஸ்கெட் போடுங்கள், இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள். டீசல் ஃபில்டரில் சிக்கிய ஏரை எடுத்து, பம்பில் எடுத்து, கடைசியாக இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட்டுகளை அரைச்சுற்று லூசாக்கி கிராங்க் செய்து எடுங்கள். பீய்ச்சுகிற டீசலில் கை வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிதான். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் ஏர் இன்டேக் பக்கம் ஒரு பலகையோடு நிற்கட்டும்: பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் சிக்கி இன்ஜின் தறிகெட்டு ஓடினால் காற்றை அடைத்தால்தான் நிற்கும்.