வகுப்பு இணையத்தளத்துக்குப் படம் எங்கே எடுப்பது? – கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் வகுப்பு இணையத்தளத்தைப் பராமரிக்கிறேன். சக ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சுன்னாகம் ஆசிரியை: ஐயா, கூகிளில் தேடினால் வேண்டிய படமெல்லாம் வருகிறதே. எடுத்துப் போட்டால் என்ன?

கூகிள் படம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. படம் அதற்குச் சொந்தமில்லை. தளத்தில் ஏற்றினால் அது வெளியீடு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. கூகிளில்தான் தேடுவேன் என்றால், படத் தேடலில் ‘கருவிகள்’, பிறகு ‘பயன்பாட்டு உரிமைகள்’ சென்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, அதாவது சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்தப் படைத்தவரே தரும் அனுமதியை, தெரிவு செய்யுங்கள். அதன் பின்னும் படம் இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பருத்தித்துறை ஆசிரியர்: தரம் 7 விஞ்ஞானத்துக்கு எங்கே தேடுவது?

முதலில் விக்கிமீடியா பொதுவகம் (Wikimedia Commons); எவரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியம். 2004இல் தொடங்கியது, இன்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று தடுக்கும் உரிமம் மட்டுமே உள்ள படங்களை அங்கே ஏற்பதில்லை. அதனால் படத்தில் அம்புக்குறி இட்டு, பாகங்களுக்குத் தமிழில் பெயர் எழுதலாம். ‘பனை’ என்று தேடிப் போதியளவு வராவிட்டால் ‘பொராசஸ்’ (Borassus) என்ற தாவரவியல் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுங்கள்; பூ, நுங்கு, ஓலை என்று தனித்தனியாகக் கிடைக்கும். கோள்களுக்கு நாசா. அதன் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை; நாசாவின் சின்னத்தை மட்டும் தொடாதீர்கள்.

பிக்சபே, பெக்செல்ஸ் என்ற இலவசப் படத் தளங்களில் பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அங்கே ‘வகுப்பறை’ என்று தேடினால் பெரும்பாலும் வேற்று நாட்டு வகுப்பறைகளே வருகின்றன. வெள்ளைச் சீருடை அணிந்த எங்கள் பிள்ளைகள் தங்களையே காணாத தளம் எனக்குப் பிடிப்பதில்லை.

சாவகச்சேரி ஆசிரியை: எடுத்தவரின் பெயரை எப்படிப் போடுவது?

படத்தின் கீழேயே போடுங்கள்: படத்தின் பெயர், எடுத்தவர், படம் கிடைத்த இணையப் பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர். வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். ‘நன்றி: கூகிள்’ என்பது எவருக்கும் நன்றி ஆகாது.

நெடுந்தீவு ஆசிரியர்: சமிக்ஞை குறைவு. பக்கம் திறக்கவே நேரமெடுக்கிறது.

மூலப் படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். பொதுவகத்தின் தரவிறக்கப் பொத்தானில் பல அளவுகள் இருக்கின்றன. ஆயிரம் புள்ளி (பிக்சல்) அகலம் அளவில் எடுத்தால் தளத்துக்குப் போதும். தேடல் முடிவில் தெரியும் சிறு படத்தைச் சேமிக்காதீர்கள், பெரிதாக்கினால் மங்கும்.

கோப்பாய் ஆசிரியர்: ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்தில் உள்ள பழைய நூல்களின் படங்களை எடுக்கலாமா?

வாசிக்கத் திறந்திருப்பதும் மறுபடி வெளியிட அனுமதிப்பதும் வேறு வேறு. எழுதியவரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. தெளிவில்லையென்றால் உரியவரிடம் கேளுங்கள்.

காரைநகர் ஆசிரியை: விளையாட்டுப் போட்டிப் படங்கள்?

பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகம் வேண்டாம். பெயரும் முகமும் சேர்ந்து ஒரே இடத்தில் வரவே வேண்டாம். கசூரினாக் கடற்கரை உங்கள் ஊரில்தானே இருக்கிறது. மாணவர்களோடு போய்க் கடலையும் வள்ளங்களையும் படமெடுங்கள். அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; விரும்பினால் பொதுவகத்திலும் ஏற்றலாம்.